பழைய மீடியம் ஃபார்மட் கேமரா: சிங்கப்பூரில் வாங்குவதும் காப்பாற்றுவதும்

கேள்வி சுருக்கமாக இதுதான். கையில் 1,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்கிறது. 120 பிலிம் போடும் கேமரா, அதாவது சாதாரண 35 மி.மீ. பிலிமைவிடப் பெரிய படம் எடுக்கும் மீடியம் ஃபார்மட் கேமரா ஒன்று வேண்டும். பழைய பொருள் விற்கும் கரோசல் இணையச் சந்தையில் ஒருவர் ஹாசல்பிளாட் 500சி/எம் போட்டிருக்கிறார். லென்ஸில் ‘லேசான ஃபங்கஸ், படத்தைப் பாதிக்காது’ என்கிறார், விலையும் தோதாக இருக்கிறது. எடுக்கலாமா? எடுத்தால் இந்த ஊர் ஈரத்தில் எப்படிக் காப்பாற்றுவது?

அதை எடுக்காதீர்கள். விற்பவர் பொய் சொல்லவில்லை, இன்றைக்குப் பாதிக்காதுதான். ஆனால் பூஞ்சை கண்ணாடியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் தூசியையும் தின்று வளரும்; வளர வளர அமிலத்தைக் கக்கும். அந்த அமிலம் முதலில் லென்ஸின் மேல்பூச்சை அரிக்கும், அப்புறம் கண்ணாடியையே அரிக்கும். பிரித்துத் துடைத்தால் பூஞ்சை போகும், அரித்த தடம் போகாது. வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படங்கள் எல்லாம் வெளிறிப்போய் வரும். குளிர்நாட்டில் இருப்பவர் இப்படி ஒரு லென்ஸை வாங்கிப் பல வருடம் ஓட்டலாம். இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். மழையில்லாத நாளின் மத்தியானத்தில்கூட 60 அளவில்தான் நிற்கும். பூஞ்சைக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது.

அதனால் சிங்கப்பூரில் வாங்குபவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கேமராவின் பெயரைப் பார்க்காதீர்கள், கடைசிப் பத்து வருடம் அது எங்கே கிடந்தது என்று பாருங்கள். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, “கடைசியாக எப்போது ரோல் போட்டீங்க?” என்பது. “போன மாசம்” என்று சொல்லி நெகட்டிவையும் எடுத்துக் காட்டுபவரின் கேமரா, தோல் தேய்ந்து பெயின்ட் உதிர்ந்திருந்தாலும் பரவாயில்லை. “தாத்தாவோடது, அலமாரியில பத்திரமா இருந்துச்சு, யாரும் தொடவே இல்ல” என்றால்தான் எனக்கு உதறும். தோல் உறைக்குள் இருபது வருடம் மூடிக் கிடந்த கேமரா வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே கிரீஸ் பிசினாகியிருக்கும். டிரை கேபினெட்டில் (ஈரத்தைக் குறைத்து வைக்கும் பெட்டி) இருந்ததா, சர்வீஸ் செய்த ரசீது இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

சரி, எதை வாங்குவது? ஹாசல்பிளாட் மோசமான கேமரா இல்லை. 1957இல் 500சி வந்தது, ஃபோகஸ் பார்க்கும் திரையை நாமே மாற்றிக்கொள்ளும் 500சி/எம் 1970இல் வந்தது. இன்றும் அதை முழுதாகப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சிக்கல் பணத்தில்தான். பாடி, 80 மி.மீ. லென்ஸ், பிலிம் மேகசின் (பிலிம் போட்டுப் பின்னால் மாட்டும் பெட்டி) மூன்றும் நல்ல நிலையில் 1,500 வெள்ளிக்குள் அமைவது கடினம். அமைந்தாலும் சர்வீஸுக்குக் காசு மிஞ்சாது. கையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருங்கள்: சர்வீஸுக்கு, டிரை கேபினெட்டுக்கு, பிலிமுக்கு. அப்படியானால் கேமராவுக்கு இருப்பது ஆயிரம் வெள்ளி.

ஆயிரம் வெள்ளியில் முக்காலி போட்டு நிதானமாக ஆள் படம் எடுப்பவர் என்றால் மமியா ஆர்பி67 ப்ரோ-எஸ் பாருங்கள். முழுக்க மெக்கானிக்கல், பேட்டரியே கிடையாது. லென்ஸை நெருக்கமாக ஃபோகஸ் செய்ய முன்னால் ஒரு துருத்தி இருக்கிறது, பின்பக்கத்தைத் திருப்பி நெட்டுவாக்கிலும் எடுக்கலாம். ஆனால் லென்ஸோடு சேர்த்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல். தைப்பூசத்தன்று அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை நடந்தால் அதுவே ஒரு காவடிதான்.

நடந்து எடுப்பவருக்கு ஸென்ஸா ப்ரோனிக்கா இடிஆர்எஸ் அல்லது எஸ்கியூ-ஏ நல்லது. முன்னது 645 (6×4.5 செ.மீ. படம்), பின்னது 6×6. இரண்டிலும் ஷட்டர் எலக்ட்ரானிக், 6 வோல்ட் பேட்டரி வேண்டும். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: பேட்டரி இல்லாமலும் இவை 1/500 நொடியில் மட்டும் கிளிக் ஆகும். விற்பவர் டக்கென்று ஒரு கிளிக் அடித்துக் காட்டி “நல்லா வேலை செய்யுது” என்பார். அது எதையுமே நிரூபிக்காது. புதுப் பேட்டரியை நீங்களே கொண்டுபோய்ப் போட்டு ஒரு நொடி, அரை நொடி, 1/30 எல்லாவற்றையும் வைத்துப் பாருங்கள். பேட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதன்முதலாக மீடியம் ஃபார்மட் தொடுபவருக்கு என் ஓட்டு இரட்டை லென்ஸ் கேமராவுக்குத்தான்: யாஷிகா மேட், ரோலிகார்டு. தமிழ்நாட்டில் ஒரு காலத்துக் கல்யாண ஆல்பங்களைக் கேட்டால் சொல்லும், எத்தனை ஸ்டுடியோக்காரர்களின் நெஞ்சில் யாஷிகா தொங்கியது என்று. கிளிக் அடிக்கும்போது உள்ளே எகிறும் பிரதிபலிப்புக் கண்ணாடி கிடையாது, அதனால் அதிர்வு இல்லை, சத்தமும் இல்லை. தீபாவளி விளக்கு போட்ட சிராங்கூன் சாலையில் 1/30 நொடியில் கையில் பிடித்தே எடுக்கலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். யாஷிகா மேட் 124ஜியில் உள்ள லைட் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அது பாதரச பேட்டரிக்காகச் செய்தது. அந்த பேட்டரி இப்போது கடைகளில் வருவதில்லை, வேறு பேட்டரி போட்டால் மீட்டர் தப்புக் கணக்குச் சொல்லும். கைப்பேசியில் ஒரு மீட்டர் செயலி போதும்.

பென்டாக்ஸ் 67க்கு ஆசைப்படுபவர்கள் நிறையப் பேர். பேட்டரி இல்லாவிட்டால் அது அசையாது. மீட்டர் உள்ள பிரிஸத்தை (மேலே மாட்டி, கண் வைத்துப் பார்க்கும் பகுதி) மாட்டுவதென்றால் பிரிஸத்தை முதலில் மாட்டி, அப்புறம்தான் லென்ஸை மாட்ட வேண்டும். வரிசை மாறினால் உள்ளே இருக்கும் மெல்லிய சங்கிலி அறுந்துபோகலாம். ஃபூஜி ஜிடபிள்யூ690 வாங்குபவர்கள் கேமராவின் அடியைப் பாருங்கள், ஒரு கவுன்டர் இருக்கும். அதில் உள்ள எண்ணைப் பத்தால் பெருக்கினால் இதுவரை அடித்த கிளிக் தெரியும். கான்டாக்ஸ் 645, ஃபூஜி ஜிஏ645 மாதிரி உள்ளே சர்க்யூட் நிறைந்தவற்றை இந்த விலைக்கு நான் தொடமாட்டேன். போர்டு போனால் இன்னொரு செத்த கேமராவைத் தேடி அதிலிருந்து பிடுங்கிப் போட வேண்டும்.

நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். கரோசல் வியாபாரம் பெரும்பாலும் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில்தான் நடக்கும். கேட்டுக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் அவர் என்று இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். கேமராவுக்கு அது ஆகாது. பக்கத்துக் கோப்பிக் கடையில் உட்காரலாமா என்று கேளுங்கள், ஒரு கோப்பி வாங்கிக் கொடுங்கள். கையில் சின்ன டார்ச், வீணான ஒரு 120 ரோல், புதுப் பேட்டரி இருக்கட்டும். பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கமுள்ள பழைய கேமராக் கடைகளில் விலை கொஞ்சம் கூடும், ஆனால் மேசையில் வைத்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். கொஞ்ச நாள் வாரண்டி தருவார்களா என்றும் கேட்கலாம்.

லென்ஸைப் பார்க்கும் முறை இது. லென்ஸ் துவாரத்தை (அபெர்ச்சர்) முழுதாகத் திற, ஷட்டரை ‘பி’யில் வைத்துத் திறந்து பிடி, டார்ச்சைப் பின்னாலிருந்து அடி, முன்னாலிருந்து நேராகப் பார்க்காமல் சாய்த்துப் பார். நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. பொட்டுப் பொட்டாக இருப்பது தூசி, எந்தப் பழைய லென்ஸிலும் இருக்கும், விட்டுவிடுங்கள். கண்ணாடி முழுக்கப் பால் கலந்த மாதிரி மங்கலாக இருந்தால் உள்ளே உள்ள கிரீஸ் ஆவியாகிப் படிந்திருக்கிறது. பல சமயம் துடைத்தால் போகும், ஆனால் துடைக்கக் கூலி உண்டு. ஓரத்தில் வானவில் நிறத்தில் வளையம் தெரிந்தால் இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போயிருக்கிறது, அந்த லென்ஸ் வேண்டாம். முன்பக்கக் கண்ணாடியில் ஒரு கீறலை மன்னிக்கலாம், பின்பக்கக் கீறல் படத்தில் தெரியும்.

அப்புறம் ஷட்டர். இந்தக் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கும், பழைய எண்ணெய் முதலில் கெடுப்பது மெதுவான வேகங்களை. ஒரு நொடியில் வைத்து அடித்தால் ‘கிர்ர்ர்’ என்று ஒரே சீராகச் சுற்றி ‘டிக்’ என்று மூட வேண்டும். நடுவில் திக்கினால், இழுத்தால், மூடாமலே நின்றால் சர்வீஸ் தேவை, விலையில் குறைத்துக் கேளுங்கள். காதை நம்பாதவர்கள் கைப்பேசியில் 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன் எடுத்து எண்ணலாம்; 1/30இல் எட்டு ஃப்ரேம் திறந்திருக்க வேண்டும். ஒன்பதோ பத்தோ வந்தால் நெகட்டிவ் பிலிம் தாங்கும், ஸ்லைடு பிலிமில் லேசாக வெளிறலாம். ஷட்டர் இதழ்களில் எண்ணெய் மினுங்கினால் அதுவும் சர்வீஸுக்குத்தான். பழைய லென்ஸில் செல்ஃப் டைமரைச் சோதிக்கவே சோதிக்காதீர்கள். சிக்கிக்கொண்டால் ஷட்டர் மொத்தமும் நின்றுவிடும்.

துருத்தி உள்ள கேமரா என்றால் முழுதாக நீட்டி, உள்ளே டார்ச்சை வைத்து, இருட்டான இடத்தில் மடிப்பு முனைகளைப் பாருங்கள். ஊசித் துளை இருந்தால் அங்கேதான் இருக்கும்.

ஹாசல்பிளாட் மேலுள்ள ஆசை போகாதவர்களுக்குச் சில வார்த்தை. கிளிக் அடித்ததும் திரை இருண்டு அப்படியே நிற்கும். அது பழுது இல்லை, அடுத்த படத்துக்குச் சுற்றினால்தான் பிரதிபலிப்புக் கண்ணாடி கீழே இறங்கும். பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை பின்னால் இரண்டு கதவுகள் திறந்திருக்கும், விட்டதும் முழுதாக மூட வேண்டும். மேகசினின் உள்பகுதியிலும் வெளிக்கூட்டிலும் எண் பொறித்திருக்கும். கடைசி மூன்று இலக்கம் பொருந்தாவிட்டால் யாரோ கலந்துவிட்டார்கள், படங்களுக்கு நடுவில் இடைவெளி தாறுமாறாக வரலாம். பாடி எண்ணுக்கு முன்னால் உள்ள இரண்டு எழுத்து, செய்த வருடத்தைச் சொல்லும். வி எச் பி ஐ சி டி யு ஆர் இ எஸ் என்ற பத்து எழுத்தும் வரிசையாக 1 முதல் 9, கடைசியில் 0. யு சி என்று இருந்தால் 75. லென்ஸைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் பாடியும் லென்ஸும் சுற்றி முறுக்கிய நிலையில் இருக்க வேண்டும். ஒன்று முறுக்கி, ஒன்று முறுக்காமல் இருந்தால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். அதைத் திருகாணி முறுக்கியால் விடுவிக்க ஒரு வழி உண்டு, தெரியாதவர் கை வைத்தால் கீறல்தான் மிஞ்சும்.

ஜப்பானிலிருந்து வரவழைப்பதைப் பற்றியும் கேட்பார்கள். இங்குள்ளதைவிட அங்கே நிறையக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் ‘எக்ஸலன்ட்’டுக்குப் பின்னால் ஐந்து பிளஸ் போட்டவர்களை நம்பாமல், கீழே சின்ன எழுத்தில் லென்ஸ் பற்றி எழுதியிருப்பதைப் படியுங்கள், ஃபங்கஸ் என்ற சொல் அங்கேதான் ஒளிந்திருக்கும். அனுப்பும் செலவும் சேர்த்து 400 வெள்ளியைத் தாண்டினால் சுங்கத்தில் 9 சதவீத ஜிஎஸ்டி கட்ட வேண்டும்; 2023இலிருந்து அதற்குக் கீழே உள்ள பொருளுக்கும் பெரிய இணையச் சந்தைகள் விலையிலேயே அதைச் சேர்த்துவிடுகின்றன. திருப்பி அனுப்புவது என்றால் அந்தச் செலவும் உங்களுடையதாகலாம், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கியாயிற்று. அந்த வாரமே ஒரு கறுப்பு வெள்ளை ரோலை வீணாக்குங்கள். ஒவ்வொரு படத்துக்கும் வேகமும் துவாரமும் காகிதத்தில் எழுதி, ஒரே சுவரை எல்லா வேகத்திலும் எடுங்கள். நடுவில் ஒரு படம் எடுத்ததும் மேகசினை ஐந்து நிமிடம் வெயிலில் காட்டிவிட்டு அடுத்ததை எடுங்கள். கழுவிய நெகட்டிவில் ஓரத்திலிருந்து கறுப்பாக ஒரு பட்டை உள்ளே வந்தால் ஒளி கசிகிறது. பயப்பட வேண்டாம், பழைய கேமராவில் மிக மலிவான பழுது அதுதான். கதவோரத்து ஃபோம் காலப்போக்கில் தார் மாதிரி இளகிவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்தெடுத்து, புது ஃபோமை வெட்டி ஒட்டினால் ஒரு மாலையில் முடியும். ஹாசல்பிளாட் மேகசினில் டார்க் ஸ்லைடு (பிலிமை ஒளி படாமல் மறைக்கும் தகடு) நுழையும் சந்தில் உள்ள சீலுக்கும் இதே கதிதான், அதையும் தனியே வாங்கி மாற்றலாம்.

வைக்கும் இடம் டிரை கேபினெட். 40 முதல் 50 சதவீதம் ஈரப்பதம் போதும். “இன்னும் காய்ஞ்சா இன்னும் நல்லது” என்று 30க்குக் கீழே இறக்குபவர்கள் உண்டு; தோல் சுருங்கி உரியும், துருத்தி விறைக்கும். கேபினெட் கதவில் உள்ள மீட்டரை அப்படியே நம்பாமல் தனியாக ஒரு சின்ன ஈரப்பத மானி உள்ளே போடுங்கள். இப்போதைக்குக் கேபினெட் வாங்க முடியாது என்றால் முஸ்தஃபா கடையில் கிடைக்கும் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும், ஜெல் நிறம் மாறினால் காய வைத்துத் திரும்பப் போட வேண்டும். தோல் உறையை உள்ளே வைக்காதீர்கள், ஈரத்தைக் குடித்து வைத்திருப்பதே அதுதான். துணி அலமாரியில் அந்துருண்டை போடும் பழக்கத்தில் கேமராவுக்குப் பக்கத்திலும் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் ஆவி கண்ணாடியில் படியும், வேண்டாம்.

டிரை கேபினெட்டைவிடப் பெரிய மருந்து, கேமராவைப் பயன்படுத்துவது. மாதம் ஒரு தடவையாவது வெளியே எடுத்து எல்லா வேகத்திலும் அடியுங்கள், ஃபோகஸ் வளையத்தை முனைக்கு முனை திருப்புங்கள். எதுவாவது இறுகினால் டபிள்யூடி-40 என்ற ஸ்ப்ரே எண்ணெய் பக்கம் போகாதீர்கள். அது ஷட்டர் இதழ்களுக்குப் பரவினால் கதை முடிந்தது. இங்கே மெக்கானிக்கல் ஷட்டரைப் பிரிக்கத் தெரிந்தவர்கள் கைவிரலில் எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள், வயதானவர்கள், வரிசை நீளம். அதனால் பழுதான பிறகு ஓடுவதைவிட, ஷட்டர் இழுக்கத் தொடங்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

ஏர்கான் அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் மட்டுமல்ல, உள்ளே கண்ணாடியிலும் திரையிலும் பனி பூக்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் திறங்கள். பிலிமுக்கும் அதே விதி. குளிர்பெட்டியில் வைத்த ரோலை உறை பிரிக்காமல் ஒரு மணி நேரமாவது வெளியே வைக்க வேண்டும். 120 பிலிமுக்குப் பின்னால் காகிதம் சுற்றியிருக்கிறது. ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்தக் காகிதத்தில் அச்சடித்த எண்களும் புள்ளிகளும் படத்தில் வந்து விழும், வானத்தில் ‘7’ என்று தெரியும். எடுத்து முடித்த ரோலைத் தளராமல் இறுக்கிப் பிடித்து ஒட்டி, வெயில் படாமல் வைத்து, சீக்கிரம் கழுவக் கொடுத்துவிடுங்கள். ரோல், கழுவல், ஸ்கேன் மூன்றும் சேர்த்தால் 6×6இல் ஒரு கிளிக்குக்கு இரண்டு மூன்று வெள்ளி ஆகும், இதையும் கணக்கில் வைத்துக்கொண்டே கேமராவைத் தேர்ந்தெடுங்கள்.

கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவினால் செலவு பாதிக்கு மேல் குறையும். பிலிம் பெட்டியில் போட்டிருக்கும் நேரம் 20 டிகிரிக்கானது. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் குழாயில் தண்ணீர் 28, 29 டிகிரியில் வரும். அந்தச் சூட்டில் டெவலப்பர் ஊற்றினால் நேரம் ஐந்து நிமிடத்துக்கும் கீழே இறங்கி, படம் திட்டுத் திட்டாக வரும். ஒரு தொட்டியில் ஐஸ் போட்டு, டெவலப்பர் பாட்டிலை அதில் நிறுத்தி 24க்குக் கொண்டுவந்து, 24க்குரிய நேரத்தை அட்டவணையில் பார்த்துக் கழுவுங்கள். கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீரையே விடலாம், ஆனால் நடுவில் ஒரு தடவை மிதமான தண்ணீர். 24இலிருந்து 29க்கு ஒரேயடியாகத் தாவ வேண்டாம்.